ஒரு சிட்டிகைத் துண்ணூறு

சாமி சாமி என்று உருகுகிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் எரிச்சல்தான். கோயிலில் பூவாக்குக் கேட்டு, வெள்ளைப் பூ விழுந்ததென்று எல்லாரும் சந்தோஷப்பட்டுக் கட்டி வைத்த என் கல்யாணம் இரண்டு வருஷம்கூடத் தாங்கவில்லை. தனியாக வந்து ரூம் எடுத்த அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன், சுவரில் ஒரு படம் மாட்டுவதில்லை என்று. மளிகைக் கடையில் கொடுத்த காலண்டரில் இருந்த பிள்ளையாரைக் கிழித்துவிட்டுத் தேதி அட்டையை மட்டும் ஆணியில் தொங்கவிட்டேன். அப்படிப்பட்ட நான் துண்ணூத்தக்காவைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன், பாருங்கள்.

திருநீற்றை எங்கள் பக்கத்தில் துண்ணூறு என்போம். அவருக்கு வேறு பெயர் உண்டு. ஆனால் வீரபாண்டியில் நாங்கள் குடியிருந்த லைன் வீட்டுக் காம்பவுண்டில் அந்தப் பெயர் வீட்டு ஓனர் ஒருவருக்குத்தான் தெரிந்திருக்கும். மற்றவர்களுக்கு அவர் துண்ணூத்தக்கா. இப்போது அந்தக் காம்பவுண்டே இல்லை. இடித்துவிட்டு நூல் குடோன் கட்டியிருக்கிறார்கள். அக்கா மங்கலத்தில் தறி ஓட்டுகிற அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டதாகக் கேள்வி.

இடுப்பில் எப்போதும் ஒரு சுருக்குப்பை இருக்கும். மற்ற பெண்கள் அதில் வெற்றிலையோ சில்லறையோ வைத்திருப்பார்கள். இவருடையதில் துண்ணூறு மட்டும். பேசிக்கொண்டே இருப்பார், கை தானாக இடுப்புக்குப் போகும். கட்டைவிரலும் மோதிரவிரலும் சேர்ந்து ஒரு சிட்டிகை எடுக்கும். நெற்றியில் படுவது பேருக்குத்தான், மீதியெல்லாம் வாய்க்குள். நாக்கில் வைத்து, கண்ணை மூடி, அது கரைகிற வரைக்கும் ஒரு வார்த்தை பேச மாட்டார். தண்ணீர்க் குழாயில் வரிசை நிற்கும்போதும் அதேதான், டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதும் அதேதான். கடையில் மூட்டையில் வந்து கிலோக் கணக்கில் விற்கிற வெள்ளைப் பொடியைத்தான் வாங்குவார். பொட்டலம் கட்டியது நான்கு நாளைக்குக்கூட வராது என்பார்.

காம்பவுண்டில் அதைப் பார்த்து யாரும் முகம் சுளித்ததில்லை. பக்தி முற்றிப்போச்சு என்பார்கள், அதையும் மரியாதையாகத்தான் சொல்வார்கள். தேனிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள், ஒடிசாவிலிருந்து வந்தவர்கள், யார் வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலும் தூக்கிக்கொண்டு அக்கா வாசலுக்குத்தான் வருவார்கள். தமிழே தெரியாத ஒடிசாப் பெண்கள் குழந்தையை நீட்டிவிட்டு நெற்றியைத் தொட்டுக் காட்டுவார்கள். அக்கா பூசிவிடுவார். நாக்கில் ஒரு துளி வைக்கச் சொல்லிக் கேட்டால் மட்டும் தலையை ஆட்டிவிடுவார். பச்சைக் குழந்தைக்கு ஒத்துக்காது என்று சொல்வார். உண்மையில் பங்கு போட மனசு வராது. வாயில் போடுகிற துண்ணூறு தனக்கும் முருகனுக்கும் நடுவில் இருக்கிற சமாச்சாரம் என்று என்னிடம் ஒருமுறை வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னார். அந்தக் கஞ்சத்தனத்துக்காகப் பிற்பாடு நான் எத்தனை நிம்மதிப்பட்டேன் என்று சொல்லி முடியாது.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே பனியன் கம்பெனி. வெளிநாட்டுக் குழந்தைகளுக்கு உடுப்பு தைக்கிற கம்பெனி. நான் ஆபீஸில், ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசருக்கு உதவியாள். அவர் செக்கிங் டேபிளில் நின்றுகொண்டு தைத்த உருப்படியில் நூல் நீட்டியிருக்கிறதா, ஓட்டை இருக்கிறதா, கறை இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. கறை பார்க்கிற ஆளே கறை வைத்த கதையும் உண்டு. ஒருமுறை கருநீல நிறத்தில் ஒரு ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது. பேக்கிங் போகிற நேரத்தில், கடைசியாகத் தரம் பார்க்கிற க்யூசி ஒரு உருப்படியைத் தூக்கிக் காட்டுகிறார், நெஞ்சில் வெள்ளையாக இரண்டு விரல் அடையாளம். அடுத்ததிலும் அதே. அட்டைப்பெட்டியைப் பிரித்துக் கொட்டினால் பாதி உருப்படி துண்ணூறு வாங்கியிருக்கிறது. ஃப்ளோர் முழுக்கச் சிரிப்பு. க்யூசிக்குச் சிரிப்பு வரவில்லை, கத்தித் தீர்த்தார். ஆனால் துண்ணூறு வேண்டாம் என்று சொல்கிற தைரியம் அவருக்கும் இல்லை. சாமி சமாச்சாரம் அல்லவா? கடைசியில் அக்காவுக்கு இனிமேல் வெள்ளைத் துணி மட்டும் கொடுங்கள் என்று முடித்துவிட்டார்கள். அன்றிலிருந்து அவர் டேபிளுக்கு வெள்ளை மட்டும்தான் வரும்.

எனக்கு இதெல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது, அவர் அந்தக் கதையைச் சொல்கிறவரை. ஆடிக் காற்று அடித்துக் கரண்ட் போன ஒரு சாயங்காலம். இரண்டு பேரும் அவரவர் வாசற்படியில் எதிரெதிராக உட்கார்ந்திருந்தோம். இப்படி நாளெல்லாம் திங்கிறீர்களே, அப்படி அதில் என்னதான் இருக்கிறது என்று கேட்டுவிட்டேன். கிண்டலாகத்தான் கேட்டேன். அவர் கிண்டலாக எடுத்துக்கொள்ளவில்லை.

“ஊட்டுக்காரரு போன பொறகு ஊடே வெறிச்சுன்னு போச்சு கண்ணு. கொழந்த குட்டியும் இல்ல. சோறு எறங்குல. ஒருநா வெளக்குப் பொருத்தீட்டுத் துண்ணூறு எடுத்தனா, அந்த வாசத்துக்கு வாயெல்லாம் எச்சி ஊறுது. ஒரு சிட்டிகை போட்டன். மறுக்கா வேணுங்குது. அப்பறந்தான் புரிஞ்சுது, முருகன் கூப்புடறான்னு.”

அதற்குப் பிறகு தனியாக இருப்பதாக ஒருநாளும் தோன்றியதில்லையாம். துணி பார்த்துக்கொண்டிருக்கும்போதே கூப்பிடுவானாம். தூக்கத்தில் எழுப்பிக் கூப்பிடுவானாம். நாம் மறந்தாலும் அவன் மறப்பதில்லை, அதற்குமேல் ஒரு மனுஷிக்கு என்ன வேண்டும் என்றார். எனக்குப் பொறாமையாக இருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், பொறாமைதான். என் போன் அடித்தால் அது கம்பெனியாக இருக்கும், இல்லாவிட்டால் லோன் வேண்டுமா என்று கேட்கிற பெண்ணாக இருக்கும். என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட அப்போது ஒரு ஜீவன் இல்லை. இந்த அம்மாவை ஒரு கடவுள் நாளெல்லாம் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

அந்த வருஷக் கடைசியில் அக்கா செக்கிங் டேபிள்மேல் அப்படியே சாய்ந்துவிட்டார். அதற்கு முன்பே முகம் வெளுத்துத்தான் கிடந்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். நகமெல்லாம் குழிந்து, நூல் பிசிறைக் கிள்ளும்போது உடையும். அடிக்கடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார், சூட்டு வலி என்று வெந்தயத்தை விழுங்குவார். கம்பெனியில் நடந்த மருத்துவ முகாமில் ரத்தம் பார்த்தால் ஏழுக்குக் கீழே. இப்படியே விட்டால் இதயம் தாங்காது என்று சொல்லி, சிவப்பு நிற இரும்பு மாத்திரையை அட்டை அட்டையாகக் கொடுத்தார்கள். காம்பவுண்டே சேர்ந்து வைத்தியம் பார்த்தது. ஒருத்தி முருங்கைக்கீரை கொண்டுவந்தாள், ஒருத்தி பீட்ரூட், ஒருத்தி பேரீச்சம்பழம். ஆட்டு ஈரல் கொண்டுவந்தவளை மட்டும் அக்கா கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பி அனுப்பினார்.

மாதம் இரண்டு போயும் ரத்தம் இருந்த இடத்திலேயே இருந்தது. முகாம் டாக்டருக்குக் கோபம். மாத்திரையைச் சாக்கடையில் போட்டுவிட்டு வந்து நிற்கிறீர்களா என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். அக்கா அழுதுவிட்டார். முருகன்மேல் சத்தியமாக விழுங்குகிறேன் என்றார். அவர் விழுங்குவதை நானே தினமும் பார்த்தவள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அரை நாள் லீவு போட்டு, அக்காவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வேறொரு கிளினிக்குக்குப் போனேன்.

அங்கே இருந்தது ஒரு சின்ன வயசு டாக்டரம்மா, திருநெல்வேலிப் பக்கம். கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார், நகத்தைத் திருப்பிப் பார்த்தார். மாதவிலக்கு எப்படி இருந்தது என்று கேட்டார். நிற்பதற்கு முன்னால் மூன்று நான்கு வருஷம் பெரும்பாடாகப் போய்க்கொண்டிருந்தது, ஊட்டுக்காரர் படுக்கையில் கிடந்ததால் தன்னைப் பார்த்துக்கொள்ள நேரமில்லை என்றார் அக்கா. பிறகு டாக்டரம்மா என்னைப் பார்த்து, மண், சாம்பல், பச்சரிசி மாதிரி எதுவும் சாப்பிடுகிறார்களா என்று சாதாரணமாகக் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அக்காவின் கை இடுப்புக்குப் போய்விட்டது. டாக்டரம்மா எழுந்து வந்து, வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்தார். பல்லும் ஈறும் சேருகிற இடத்தில் மெல்லிசாக நீல நிறத்தில் ஒரு கோடு ஓடியது. நாங்கள் எல்லாரும் அதைத் துண்ணூற்றுக் கறை என்று நினைத்திருந்தோம். ரத்தத்தைக் கோயமுத்தூருக்கு அனுப்பினார். கூடவே சுருக்குப்பையில் இருந்ததில் கொஞ்சம் வாங்கி அதையும் அனுப்பினார்.

இரண்டிலும் ஈயம் இருந்தது. அந்த ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியபோது எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. என் வேலையே அதுதான். குழந்தைகள் வாயில் வைத்துச் சப்பும் என்பதால் உடுப்பில் இருக்கிற பட்டனையும் பிரிண்ட்டையும் ஈயம் இருக்கிறதா என்று பார்க்க லேபுக்கு அனுப்புவோம். துளி கூடினாலும் ஆர்டர் போச்சு. எத்தனை பட்டனுக்கு ரிப்போர்ட் வாங்கி ஃபைல் பண்ணியிருப்பேன். ஒரு மனுஷிக்கு அப்படி ஒரு ரிப்போர்ட்டை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். “இரும்பும் ஈயமும் ஒடம்புக்குள்ள ஒரே வாசல் வழியாத்தான் போகும்க்கா. இரும்பு இல்லாத ஒடம்பு அந்த வாசலை அகலமாத் தொறந்து வெச்சிட்டுக் காத்திருக்கும். வர்றது இரும்பா ஈயமான்னு அதுக்குத் தெரியாது, வந்ததை உள்ள விட்டுரும். உள்ள போன ஈயம் ரத்தத்தை ஊற விடாது. ரத்தம் கொறையக் கொறைய ஒடம்பு இன்னும் சாம்பலைத்தான் கேக்கும். நீங்க கொடத்துல ஓட்டைய வெச்சுக்கிட்டுத் தண்ணி ஊத்திட்டு இருந்திருக்கீக. இதை விட்டுட்டு மாத்திரையப் போடுங்க. ரத்தம் ஏறுனா அந்த ஆசையும் தானாப் போயிரும்.”

ஊசி, ஆஸ்பத்திரி எதுவும் வேண்டாம், சாம்பலை நிறுத்தினால் போதும், ஈயம் மெதுவாக இறங்கும் என்றும் சொன்னார். அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். ஆட்டோவில் திரும்பி வரும்போது நான்தான் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். பெரும்பாட்டில் ரத்தம் போனது எப்போது, ஊட்டுக்காரர் போனது எப்போது, முருகன் கூப்பிட ஆரம்பித்தது எப்போது. எல்லாம் ஒரே காலம். அவரைக் கூப்பிட்டது எது என்று எனக்குப் புரிந்துவிட்டது. அதை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“அவன் வந்து கேக்கறப்ப இல்லீன்னு எப்படிச் சொல்றது கண்ணு?”

உயிர் முக்கியமா துண்ணூறு முக்கியமா என்று எரிந்து விழுந்தேன். அவர் மூன்று நாள் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. நான்காம் நாள் காலையில் குளித்து, ஈரத்தலையோடு, வலது கையில் மஞ்சள் துணியில் காப்புக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். விரதம் எடுத்துவிட்டாராம். ஒரு மண்டலத்துக்கு, அதாவது நாற்பத்தெட்டு நாளைக்கு, துண்ணூறு நெற்றியோடு சரி, வாய்க்குப் போகாது. முருகனுக்காகச் சோறு தண்ணியை விட்டு விரதம் இருக்கிறவர்கள் உண்டு. முருகனுக்காக முருகனின் துண்ணூற்றையே விட்டு விரதம் இருந்த ஆள் உலகத்திலேயே இவராகத்தான் இருக்கும். விரதம் முடிகிற அன்றைக்குச் சென்னிமலைக்குப் போய் அவன் சந்நிதியிலேயே ஒரு சிட்டிகை வாயில் போட்டு முடிப்பதாக வேண்டுதல். டாக்டரம்மாவிடம் கேட்டேன். ஒரு சிட்டிகையோடு நிற்கும் என்றால் போகட்டும் என்றார்.

முதல் பத்து நாள் பார்க்க முடியவில்லை. கை இடுப்புக்குப் போகும், பை இருக்காது, திரும்பி வரும். டேபிளில் துணியின் ஓரத்தைக் கடிப்பார். மழை தூறி மண் வாசம் வந்தால் கதவைச் சாத்திக்கொள்வார். “அவன் வாசல்ல வந்து நின்னு கத்தறானாட்டம் இருக்குது கண்ணு” என்று ஒருநாள் சொன்னார், கண்ணில் தண்ணீர். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. மாதம் ஒன்று ஆகும்போது முகத்தில் தெளிச்சி வந்துவிட்டது. வயிற்று வலி போன இடம் தெரியவில்லை. இப்போதெல்லாம் கஷ்டமே இல்லை, அவனே பார்த்துக்கொள்கிறான், விரதத்தைத் தாங்குகிற பலத்தையும் அவனே கொடுக்கிறான் என்று பெருமையாகச் சொல்வார். நான் உம் கொட்டிக்கொண்டிருப்பேன். ஆனால் ஆசையும் தானாகப் போய்விடும் என்று டாக்டரம்மா சொன்னதை நினைத்து எனக்குப் பயமாக இருந்தது.

நாற்பத்தெட்டு முடிந்தது. ரத்தம் பதினொன்றுக்குக் கிட்ட வந்திருந்தது. வேண்டுதல் அன்றைக்கு, பக்தி இல்லாத என்னையும் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். மேலே வரைக்கும் பஸ் போகிறது. முன்பெல்லாம் அதில்தான் போவாராம். அன்றைக்குப் படியேறினார். எனக்குத்தான் மூச்சு வாங்கியது. அவர் பத்துப் படி முன்னால் போய் நின்று, “வா கண்ணு, வா கண்ணு” என்று கையாட்டினார். வெயிலில் கன்னம் சிவந்திருந்தது. கல்யாணத்துக்குப் போகிற பொண்ணு மாதிரி அவ்வளவு அவசரம்.

சந்நிதியில் தீபாராதனை முடிந்து இலையில் துண்ணூறு கொடுத்தார்கள். பிரகாரத்தில் ஒரு ஓரமாக என்னை நிறுத்திவிட்டு, காப்பை அவிழ்த்தார். கட்டைவிரலும் மோதிரவிரலும் சேர்ந்து ஒரு சிட்டிகை எடுத்தன. நெற்றியில் தொட்டார். வாயில் போட்டார். கண்ணை மூடினார்.

மூடிய கண் உடனே திறந்துவிட்டது. இன்னொரு தடவை மூடிப் பார்த்தார். தாடை அசைந்தது, நின்றது. என்னைப் பார்த்தார். கூட்டத்தில் கை நழுவிப்போன பிள்ளையைத் தேடுகிறவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். பிறகு தூணுக்குப் பின்னால் போய், முந்தானையில் துப்பி மடித்துக்கொண்டார்.

“மண்ணாட்டம் இருக்குது கண்ணு” என்றார்.

வரும் வழியில் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

அதற்குப் பிறகு எல்லாருக்கும் சந்தோஷம்தான். அக்கா தேறிவிட்டார். கம்பெனியில் மறுபடி கலர் துணி கொடுக்க ஆரம்பித்தார்கள். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு அப்போதும் வந்தார்கள். தெரிந்த கோயிலிலிருந்து வாங்கி வந்ததைப் பூசிவிடுவார், ஆனால் கைதான் பூசும், முகத்தில் ஒன்றும் இருக்காது. வேலை முடிந்து வந்து விளக்குகூடப் போடாமல் வாசற்படியில் உட்கார்ந்திருப்பார். எந்நேரமும் எதையோ காது கொடுத்துக் கேட்கிற மாதிரி தலை ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். சும்மாவே என் ரூமுக்கு வருவார், படமில்லாத சுவரைப் பார்ப்பார், போய்விடுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரசத்துக்குக் கறிவேப்பிலை கிள்ள அவர் வாசலுக்குப் போனேன். பழைய பெயிண்ட் பக்கெட்டில் ஒரு செடி வைத்திருந்தார். கிள்ளக் குனிந்தபோது பார்த்தேன், தண்டைச் சுற்றி மண்ணெல்லாம் துரு நிறம். விரலால் கிளறினால் இரும்பு மாத்திரைகள். சில முழுசாக, சில சிவப்புத் தோல் கரைந்து. செய்யாத காரியத்துக்காக அன்றைக்கு எல்லார் முன்னாலும் அழுத மனுஷி, அதையே இப்போது செய்துகொண்டிருக்கிறார். நிமிர்ந்தால் எதிரே படியில் அவரே உட்கார்ந்திருக்கிறார். மறைக்கவில்லை, பதறவுமில்லை.

“ரத்தமில்லாத ஒடம்புதான் சாம்பலு கேக்கும்னு அந்த டாக்டரம்மா சொல்லுச்சல்ல. அப்ப ரத்தம் கொறைஞ்சா மறுக்கா வந்துருவானா கண்ணு?”

கிளினிக்கில் சொன்னது எதுவும் இவர் காதில் ஏறவில்லை என்று நினைத்திருந்தேன். எல்லாம் ஏறியிருக்கிறது. கடவுள் வருவாரா வரமாட்டாரா என்று என்னிடம் போய்க் கேட்கிறார். எனக்கு அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்திருந்தது. வருவான், ரத்தம் இறங்கினால் கட்டாயம் வருவான். முன்னைவிடப் பலமாகக் கூப்பிடுவான். இவரும் எழுந்து போவார்.

“வர மாட்டாருங்கக்கா” என்றேன்.

“நெசமாலுமா?”

“டாக்டரம்மாகிட்டக் கேட்டுட்டேனுங்க. ஒருக்கா போனாப் போனதுதானாமா.”

நான் யாரிடமும் கேட்கவில்லை. இன்னொரு முறை அவர் அப்படிக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

அக்கா கறிவேப்பிலைச் செடியைப் பார்த்தார். பிறகு மாத்திரைக்குக் கையை நீட்டினார். உள்ளே போய் மாடத்திலிருந்த அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிதுக்கி, சொம்பில் தண்ணீரோடு கொண்டுவந்து கொடுத்தேன். மறுபேச்சில்லாமல் விழுங்கினார். வாயைத் துடைத்துக்கொண்டதும் அவர் கை பழக்கத்தில் இடுப்புக்குப் போனது. கட்டைவிரலும் மோதிரவிரலும் அங்கே ஒன்றும் கிடைக்காமல் சேலை மடிப்பைக் கொஞ்சம் பிடித்துக்கொண்டன.

“சித்தெ நேரம் உக்காரு கண்ணு” என்றார்.

உட்கார்ந்தேன். இருட்டுகிற வரைக்கும் இரண்டு பேரும் அந்தப் படியில் இருந்தோம். எங்களை யாரும் கூப்பிடவில்லை.